பூநாரைகளை எழுப்பியவள்

அந்தப் பயணத்துக்கு வரவில்லை என்றுதான் நான் முதலில் சொன்னேன். சொல்வதற்குக் காரணங்களும் இருந்தன. காலபோக நெல் மூட்டைகள் இன்னும் விறாந்தையில் கிடந்தன. வெள்ளாடு ஒன்று இன்றைக்கோ நாளைக்கோ குட்டி போடுவதுபோல நின்றது. வாடகை வான்காரர்கள் பத்துப் பேர் ஏறுகிற இடத்தில் பதினாறு பேரை ஏற்றுவார்கள். ரயர் வெடித்தால் யார் பொறுப்பு? பறவை பார்க்கப் போகிற சுண்டிக்குளத்து நீரேரியில் முதலை கிடக்கிறது என்று வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். இத்தனையையும் மாதர் சங்கத் தலைவியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, போகிறவர்களின் பட்டியலில் என் பெயரையும் எழுதிக்கொண்டார்.

உண்மையான காரணம் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. முதலாவதாக முன்பள்ளி ரீச்சரின் பெயர். அதற்குக் கீழே என் சிநேகிதியின் பெயர். இரண்டும் ஒரே பேனை, ஒரே கையெழுத்து. ரீச்சரே இரண்டையும் எழுதியிருக்கிறார். கோயில் சமையலுக்கு ஆள் சேர்க்கிற பட்டியலோ, கமக்காரருக்கு உரம் கொடுக்கிற பட்டியலோ, எதுவாயிருந்தாலும் பதினொரு வருடமாக அவளுடைய பெயரை நான் எழுதுவேன், அல்லது என்னுடையதை அவள் எழுதுவாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், அவள் பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனை எடுத்தவள், அவளுடைய கையெழுத்து என்னுடையதைவிட நல்லது. இருந்தாலும் அவளுக்கு நான் எழுதுவேன்.

எங்கள் இரண்டு பேருடைய வயலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு வரம்பு மட்டும்தான். கதிர் முற்றுகிற காலத்தில் கிளியும் தினைக்குருவியும் கூட்டமாக வந்து விழும். ஆளுக்கொரு கொட்டில் போடுவது வீண் என்று, வரம்பின் மேலேயே ஒரு கொட்டில் போட்டு, இரண்டு வயலையும் சேர்ந்தே காவல் காப்போம். விடிய ஆறு மணிக்குப் போனால் வெயில் ஏறும் வரைக்கும் இருப்போம். பழைய தகரமும் ஒரு தடியும் இருக்கும். குருவி இறங்கினால் தட்டுவது, மற்ற நேரம் கதை. என் பயங்களையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டுகிற இடம் அந்தக் கொட்டில்தான். மகனுக்கு இருமல் நிற்கவில்லை, மோட்டர் சத்தம் மாறிக் கேட்கிறது, கனவில் பல்லு விழுந்தது, எல்லாவற்றையும் அவள் கேட்பாள். "சரி, இனி மற்றதைச் சொல்லு" என்பாள். வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீ அவளையே கலியாணம் முடிச்சிருக்கலாம்" என்பார்.

ரீச்சர் போன வருடம் வவுனியாவில் இருந்து வந்தவர். கணவருக்குக் கிளிநொச்சியில் வங்கி வேலை. எங்கள் ஊரில் வாடகைக்கு வீடெடுத்து, முன்பள்ளியில் படிப்பிக்கத் தொடங்கினார். என்னைவிட ஏழெட்டு வயது குறைந்தவர். ஒருவருக்கும் ஒரு குறையும் சொல்ல வராத பெண். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு கெட்ட குணமாவது இருந்தால் நான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அவர் வந்த மூன்றாம் மாதம் என் சிநேகிதி முன்பள்ளிக்குச் சுவர்ப்படம் ஒட்டப் போனாள். பிறகு விளையாட்டுப் போட்டிக்குப் போனாள். பிறகு சும்மா போனாள். தை மாதம் கொட்டிலில் இருக்கும்போதே, பத்து மணிக்கு எழும்பி, "நான் ஒருக்கா ரீச்சரிட்டைப் போயிட்டு வாறன்" என்று போவாள். நான் தனியே இரண்டு வயலுக்கும் தகரம் தட்டுவேன். அவளுடைய பக்கத்தில் இறங்குகிற குருவிக்கு, சொல்ல வெட்கம்தான், சில நேரம் கொஞ்சம் பிந்தித்தான் தட்டினேன்.

பயணத்துக்கு ஒரு கிழமை முன்னம், கடையில் வைத்து ஒரு கதை காதில் விழுந்தது. முன்பள்ளிக்கு உதவி ரீச்சராக ஓ.எல். எடுத்த ஒருவரைத் தேடுகிறார்களாம். என் சிநேகிதி சம்மதித்துவிட்டாளாம். வருகிற சிறுபோகத்துக்கு வயலைக் குத்தகைக்குக் கொடுக்கப் போகிறாளாம். கடைக்காரர் மனைவி, "உங்களுக்குத் தெரியும்தானே" என்று சொல்லிக்கொண்டு பருப்பைத் தராசில் நிறுத்தார். நான் தெரியும் என்று தலையாட்டினேன். எனக்குத் தெரியாது. அந்த ஏழு நாளும் அவள் வாயைத் திறந்து சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. பயணத்தில் எப்படியும் வானில் பக்கத்தில் இருப்போம், அப்போது நானாகவே கேட்டுவிடுவது என்று முடிவெடுத்துத்தான் நெல் மூட்டையையும் ஆட்டையும் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை. வான் வந்தபோது ரீச்சரும் அவளும் முன் வரிசையில் இருந்தார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "எடி, உனக்குப் பின்னாலை யன்னல் பக்கம் பிடிச்சு வச்சிருக்கிறன். முன்னுக்கு இருந்தால் நீ றோட்டைப் பாத்துப் பயப்பிடுவாய்" என்றாள். அது உண்மைதான். முன்னால் இருந்தால் எதிரே வருகிற ஒவ்வொரு லொறிக்கும் நான் பிரேக் பிடிப்பேன். ஆனால் அன்றைக்கு அந்த அக்கறை எனக்கு வேறு மாதிரிப் பட்டது. என்னைப் பின்னால் தள்ளுவதற்கு என் பயத்தையே எடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சோற்றுச் சட்டியையும் கறிச் சட்டியையும் காலடியில் வைத்து, இரண்டு முழங்காலாலும் பிடித்துக்கொண்டு, பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் போகும் வரைக்கும் அவர்கள் இரண்டு பேருடைய பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலை சாய்த்துச் சிரிப்பதை என்னால் பின்னால் இருந்தே கண்டுபிடிக்க முடியும். தருமபுரம் வருவதற்குள் ஒன்பது தரம் சிரித்துவிட்டாள்.

உள்ளே திரும்புகிற வீதி செம்மண். இருபக்கமும் பற்றை, பிறகு பனை, பிறகு ஒன்றுமில்லாத வெளி. முந்தி இந்தப் பக்கமெல்லாம் மிதிவெடி என்று மண்டையோட்டுப் பலகை நின்ற இடம். இப்போது இல்லை, எல்லாம் எடுத்து முடித்துவிட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் வான் ஓரம் எடுக்கும்போதெல்லாம் நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண், "நீங்கள் காலைத் தூக்கினால் வான் பாரம் குறையுமோ அக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். முன்னால் இருந்தவளும் சிரித்தாள். பத்தாவது தரம்.

பறவைகள் சரணாலயம் என்றவுடன் நான் கம்பிக்கூடு, வாசல், பூந்தோட்டம் என்று ஏதோ நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வானத்தின் அளவுக்குத் தண்ணீர், முழங்கால் ஆழம்கூட இராது. கரையெல்லாம் உப்புப் பூத்த சேறு. தூரத்தில், தண்ணீரின் நடுவில், துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் பூநாரை என்றார்கள். எனக்குச் சப்பென்று போய்விட்டது. இதைப் பார்க்கவா வெயிலில் இவ்வளவு தூரம் வந்தோம்?

வனசீவராசி உத்தியோகத்தர் ஒருவர் வந்து, எதுவரைக்கும் போகலாம், எங்கே இருந்து சாப்பிடலாம் என்று காட்டினார். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், சத்தம் போட வேண்டாம் என்றார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனால் சொல்ல வேண்டியதை அழகாகச் சொன்னார். நான் அவரிடம் முதலையைப் பற்றிக் கேட்டேன். இருக்கு, ஆனால் இந்தப் பக்கம் வராது என்றார். 'வராது' என்பதை அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னதால், நான் கரையில் இருந்து இருபது அடி தள்ளியே நின்றேன்.

ரீச்சர் தன் பையில் இருந்து ஒரு பைனாகுலரை எடுத்தார். பெண்கள் எல்லோரும் வரிசையாக வாங்கிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஐயோ என்றார்கள், அம்மா என்றார்கள். "அக்கா, நீங்களும் பாருங்கோ" என்று ரீச்சர் என்னிடம் நீட்டினார். எனக்கு வெறுங்கண்ணுக்கே நல்லாகத் தெரிகிறது என்று சொல்லி நான் வாங்கவில்லை. எனக்கு வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அவருடைய பொருளை வாங்கி, அவருடைய முகத்துக்கு நேரே ஐயோ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அங்கே நிற்பதைவிடச் சாப்பாடு பரிமாறுவது மேல் என்று, பாலை மரத்தடிக்குப் போய்ச் சட்டிகளைத் திறந்தேன். சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. கோழிக்கறி பழுதாகிவிட்டதோ என்று இரண்டு தரம் மணந்து பார்த்தேன். பழுதாகவில்லை. ஒரு கையில் சோற்றுச் சட்டி மூடி, மற்றக் கையில் அகப்பை. சாப்பிட வாருங்கோ என்று கூப்பிடுவதற்காகத்தான் திரும்பினேன்.

கரையில் மற்றவர்கள் சிதறி நின்றார்கள். அவர்கள் இரண்டு பேரும் மட்டும் தனியே நின்றார்கள். என் சிநேகிதி பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தாள். ரீச்சர் அவளுக்குப் பின்னால் நின்று, இரண்டு பக்கத்தாலும் கையைக் கொண்டுவந்து, அந்தச் சின்னச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருடைய நாடி இவளுடைய தோளில் இருந்தது. "இப்ப தெரியுதோ?" என்று மெதுவாகக் கேட்டது காற்றில் எனக்கு வந்தது. என் சிநேகிதி பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. வாய் கொஞ்சம் திறந்து இருந்தது. பதினொரு வருடத்தில் நான் காட்டின எதையும் அவள் அப்படி வாய் திறந்து பார்த்ததில்லை. நான் காட்டினதெல்லாம் என்ன, மோட்டரும் இருமலும்தானே.

அகப்பை மூடியில் விழுந்தது. ஒரு தரம் இல்லை, நாலைந்து தரம். கூடவே, வயலில் கத்துகிற அதே கத்தல், 'ஓ... ஹோய்' என்று அடிவயிற்றில் இருந்து வந்தது. அந்த வெளியில் சத்தத்தைத் தடுக்க ஒன்றும் இல்லை.

வெள்ளைக் கோடு கலைந்தது. முதலில் ஒரு பக்கம் ஓடியது. அந்தப் பறவைகள் எழும்புவதற்கு முன் தண்ணீருக்கு மேலே ஓட வேண்டும் போல இருக்கிறது. பிறகு முழுவதும் எழும்பியது. அதுவரை வெள்ளையாக இருந்தது சிறகு விரிந்தவுடன் சிவப்பும் கறுப்புமாக மாறிவிட்டது. நூற்றுக்கணக்கில், கழுத்தை ஒரு பக்கமும் காலை மறு பக்கமும் நீட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று முட்டாமல் வானத்தில் ஒரு வளைவு எடுத்து, வடக்கே போய், சின்னதாகி, இல்லாமல் போயின. நான் மூடியைப் பிடித்தபடி நின்றேன். வாழ்க்கையில் நான் கண்ட அழகான காட்சிகளில் அது ஒன்று என்று இன்றைக்கும் சொல்வேன். அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதும் தெரியும்.

உத்தியோகத்தர் ஓடி வந்தார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இந்தப் பறவைகள் நெடுந்தூரம் பறந்து வருபவை, தின்கிற நேரத்தில் எழுப்பினால் தின்றதெல்லாம் பறப்பதற்கே போய்விடும் என்று தெரிந்த தமிழில் நிதானமாக விளக்கினார். பொலிசுக்குக் கொடுப்பார்களோ, சங்கத்துக்கு இனிப் பயணமே விடமாட்டார்களோ, பத்திரிகையில் போடுவார்களோ என்று தலைக்குள் ஓடியது. அப்போது ரீச்சர் வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"மன்னிக்கோணும் ஐயா. அக்கா வயல் செய்யிற ஆள். குருவி கலைச்சுப் பழகின கை. பறவையைக் கண்டோடனை தன்ரபாட்டிலை தட்டிப்போட்டுது."

பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவருக்கும் முகம் இளகிவிட்டது. தன்னுடைய தகப்பனாரும் வயல்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஓம், பழக்கதோஷம் என்று சொன்னேன். என்னை யார் காப்பாற்றக் கூடாது என்று நினைத்தேனோ அவரே காப்பாற்றினார். நானும் காப்பாற்ற விட்டேன். சாப்பிடும்போது, "அக்கா, அங்காலை ஒரு கூட்டம் நிக்குது, இன்னொருக்காத் தட்டுங்கோ பாப்பம்" என்று ஒருத்தி பகிடி விட்டாள். தாங்கள் கண்டதிலேயே அதுதான் திறமான காட்சி என்று இன்னும் இரண்டு பேர் சொன்னார்கள். என் சிநேகிதி மட்டும் சோற்றைப் பிசைந்தபடி என்னை ஒரு தரம் பார்த்தாள்.

திரும்பி வரும்போது தருமபுரத்தில் தேத்தண்ணிக்கு வானை நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை. எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவள் இரண்டு கோப்பையோடு ஏறி வந்து, என் பக்கத்தில் இருந்தாள். கோப்பையை என் கையில் வைத்து, சூடு என்று எச்சரித்தாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எடி, கொக்கு நாரைக்கு நாங்கள் எப்ப தகரம் தட்டினனாங்கள்?"

நான் கோப்பையை ஊதினேன்.

"கிளிக்குத் தட்டுவம். தினைக்குருவிக்குத் தட்டுவம். கொக்கு வந்தால் நீதானே சொல்லுறனி, அது புழுத் தின்னட்டும் விடு எண்டு. நீண்ட காலுள்ள ஒண்டுக்கும் நீ ஒருநாளும் கை ஓங்கினதில்லை. ரீச்சருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்."

ரீச்சர் சொன்ன நியாயத்தை வானில் வந்த மற்ற எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதில் அநேகம் பேர் வயல்காரர்தான், ஆனால் சிரிக்கிற அவசரத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவள் யோசித்திருக்கிறாள். மாட்டிக்கொண்ட வெட்கத்துக்குள்ளேயும், அவள் ஒருத்திதான் என்னைக் கண்டுபிடித்தாள் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது.

"காணியைக் குடுக்கப்போறியாம்" என்றேன். ஏழு நாள் வைத்திருந்தது, மூன்று சொல்லுக்கும் குறைவாக வெளியே வந்தது.

அவள் மறைக்கவில்லை. ஓம் என்றாள். யார் சொன்னார்கள் என்றும் கேட்கவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ யோசிக்கத் துவங்குவாய். அங்கை சம்பளம் ஒழுங்காய் வருமோ, குத்தகைக்காரன் வரம்பை வெட்டுவானோ, ரீச்சர் இடமாறிப் போனால் நான் என்ன செய்யிறது எண்டு ஆயிரம் சொல்லுவாய். நான் எல்லாத்துக்கும் பயந்து, போகாமல் விட்டிடுவன். முந்தியும் அப்பிடி விட்டனான்தானே."

அவள் சொன்னது எது என்று எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் தையல் பயிற்சிக்கு யாழ்ப்பாணம் போக அவளுக்கு இடம் கிடைத்தது. நான் மூன்று நாள் கொட்டிலில் இருந்து பேசிப் பேசி அவளைப் போகவிடாமல் செய்தேன். பஸ், விடுதி, தண்ணீர் என்று எதை எதையோ சொன்னேன். எல்லாம் அவளுடைய நன்மைக்கு என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன்.

"அவாவோடை இருக்கத்தான் போறியோ?" என்று கேட்டேன். சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரித்தான் இருந்தது.

"எனக்கு அந்தப் பிள்ளையளோடை இருக்க விருப்பம். ரீச்சரோடை கதைக்கவும் விருப்பம். உன்னோடையும் விருப்பம். அதுக்கேன் பாவம் அந்தப் பறவையள் பறக்கோணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. தேத்தண்ணி கையில் ஊற்றுண்டது.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். காணியைக் கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள் என்றாள். ஒருவர் பக்கத்துக் கிராமத்தில் இருந்து, மற்றது எங்கள் ஊரிலேயே ஒரு இளம் குடும்பம். இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. முதலில் உன்னைத்தான் கேட்க வேண்டும் என்று இருந்தேன், ஆனால் கேட்டால் மற்றதெல்லாம் சொல்ல வேண்டி வருமே என்று தள்ளித் தள்ளிப் போட்டேன் என்றாள். "நீ செய்யிறியோ? உன்ரையோடை சேர்த்து?"

நல்ல மனசுள்ள ஒருத்தி என்றால் அந்த இடத்தில் சிநேகிதியின் முன்னேற்றத்தை நினைத்திருப்பாள். எனக்கு வந்தது வேறு. அந்த இளம் குடும்பத்துப் பெண்ணை எனக்குத் தெரியும், நல்ல வாய். அவள் வந்து எங்கள் வரம்பில் நடப்பாள். எங்கள் கொட்டிலில் இருப்பாள். என் சிநேகிதி பின்னேரம் காணியைப் பார்க்க வந்தால் அவளோடும் நின்று கதைப்பாள், சிரிப்பாள். ஒரு ரீச்சர் போதாதென்று இன்னொருத்தி. நான் இரண்டு வயலுக்கும் தண்ணீர் கட்டுவது எப்படி, மருந்தடிக்க ஆள் எங்கே, குனிந்து நிமிர என் நாரி தாங்குமா என்று ஒன்றையும் யோசிக்கவில்லை. எதற்கும் யோசிக்கிற நான் அன்றைக்கு ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

"ஓம். நானே செய்யிறன். வேற ஒருத்தருக்கும் குடாதை" என்றேன்.

இரண்டு போகம் முடிந்துவிட்டது. சிநேகிதிக்காக எவ்வளவு பாரத்தைத் தூக்கினாள் என்று ஊரில் என்னைப் புகழ்கிறார்கள். சங்கத் தலைவி கூட்டத்தில் வைத்தே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்றார்கள்.

அன்றைக்கு வானில் அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நனைந்த கையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தும் விட்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்திருப்பாள், கோப்பை ஆறுகிற நேரம் இராது. கடைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக ஏறத் தொடங்கினார்கள். ரீச்சர் ஏறி முன் வரிசையில் இருந்தார். என் சிநேகிதி எழும்பினாள். "இரு, இதை ஒருக்கா அவாட்டைச் சொல்லிப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, சீற்றுகளுக்கு நடுவால் முன்னுக்குப் போனாள். வான் புறப்பட்டது. கிளிநொச்சி வரும் வரைக்கும் அவள் பின்னுக்கு வரவில்லை.